இரண்டாவது பாட்டில்

ஜனவரி 12, ஞாயிறு

ஏலகிரியில் சுரேஷ் வீட்டில் பள்ளி நண்பர்கள் நால்வர் கூடினோம். அவன் கம்பெனியில் தோல் வாங்கும் பிரெஞ்சுக்காரர் அனுப்பிய மூன்று பழைய சிவப்பு ஒயின் பாட்டில்களைப் பேப்பரில் சுற்றிவைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ஊற்றிக்கொடுத்து, எது ரொம்பப் பழசு என்று கேட்டான். நான் இருபது வருடமாகத் தோலை முகர்ந்து தரம் பிரிக்கிறவன். "ரெண்டாவதுதான். மரப்பட்டைத் தண்ணியில ஊறின தோல் வாசனை வருது" என்றேன்.

"உனக்கு எதுலதான்டா தோல் வாசனை வராது? போய்க் குளிச்சிட்டு வா!" என்றான் சுரேஷ். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பேப்பரைப் பிரித்தால் இரண்டாவதுதான். கூட வந்த சீட்டில் பிரெஞ்சுக்காரர் எழுதியிருந்ததைச் சுரேஷே படித்தான்: பழைய தோலின் மணம்.

"இன்னா மூக்குடா அந்த ஆளுக்கு!" என்றான். நான் அவன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்பூரில் என் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளித்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிகிறது.