தொட்டியடிக்கு வரும் பெருந்தணலன்

ஆடி 5, செவ்வாய்

விடியும் முன்பே காற்று. கிணற்றடித் தென்னையில் மட்டை விழுந்து வரப்பில் கிடந்தது. மல்லிகை பறிக்க ஆள் வரவில்லை. நானும் செல்லம்மாளும் மட்டும். (இனி செ. என்று போடுகிறேன். முழுப் பெயரும் எழுதினால் கை கடுக்கிறது. ஐம்பது வருடப் பெண்டாட்டி, கோபிக்க மாட்டாள்.)

பறித்த பூ, கீரமங்கலம் கமிஷன் கடைக்குப் போய்விட்டது. ஆடி மாதம், அம்மன் கோயில் எல்லாம் திருவிழா, நல்ல விலை. பிறகு வேப்பமரத்தடியில் தணலன்.

எழுத்து வகுப்பு நடத்தும் அமுதா சொல்லியிருக்கிறது: "தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி எழுதுங்க தாத்தா, அப்பத்தான் எழுத்து ஓடும்." ஆகவே எழுதுகிறேன். தணலன் என்பது என் போனில் இருக்கும் பன்றிக்குட்டி. விளையாட்டுப் பன்றி. போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழியில் விதவிதமாகப் பிராணிகள் நிற்கும். வலை வீசிப் பிடிக்க வேண்டும். பிடித்ததை வளர்க்கலாம், பழம் கொடுக்கலாம், சண்டைக்கு விடலாம். அமுதாதான் ஏற்றிக் கொடுத்தது. பேப்பர் எழுத்து எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது என்றேன். இதில் எழுத்து பெரியது, ஒவ்வொரு பிராணிக்கும் நாலு வரி, தினமும் படியுங்கள் என்றது.

தணலன்தான் நான் பிடித்த முதல் பிராணி. அதன் நாலு வரிதான் பிறத்தியார் உதவி இல்லாமல் நான் முழுக்கப் படித்த முதல் சங்கதி.

"மூக்கில் கனல் உள்ள பன்றிக்குட்டி. மகிழ்ச்சி வந்தால் தும்மும். தும்மினால் புல் பற்றிக்கொள்ளும். வெட்கப்பட்டு மண்ணைத் தள்ளி அணைக்கும்."

வெட்கப்படும் பன்றி! எழுதியவன் நல்லா இருக்கட்டும்.

இன்றைய பெரிய செய்தி. போனைத் திறந்ததும் ஆரஞ்சுப் பட்டை ஒன்று. எழுத்துக்கூட்டிப் படித்தேன். திரும்பப் படித்தேன். "ஞாயிறு மாலை 5 முதல் 6 வரை. தண்ணீர்த் தொட்டிக் களம். பெருந்தணலன் வருகிறது. ஐவர் கூடினால் மட்டுமே வெல்லலாம். புதியவரும் சேரலாம்."

தண்ணீர்த் தொட்டி, எங்கள் ஊர்த் தொட்டி! தணலனின் பெரிய உருவம் அது. மலை மாதிரி இருக்குமாம். உலகத்தில் இத்தனை ஊர் இருக்க எங்கள் ஊருக்கு வருகிறது.

ஓடிப் போய் செ.யிடம் சொன்னேன்.

"தொட்டிக்குப் பன்னி வருதாமா? தண்ணி தொறக்குற வேலுகிட்டச் சொல்லுங்க. குடிக்கிற தண்ணி."

ஆடி 6, புதன்

காற்று நிற்கவில்லை. கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வயலில்.

ஐந்து பேர் வேண்டும். ஆட்டம் தெரிந்தவர்கள்: நான், அமுதா, தொட்டியில் தண்ணீர் திறந்துவிடும் வேலு, மீன் ஜப்பார் பாய். பாய் மீமிசலிலிருந்து தினம் மீன் கொண்டுவருகிறார். வண்டி நிறுத்தும் இடமெல்லாம் போனை எடுத்து வலை வீசுவார். அவரிடம் கடல் பிராணிகள் ஏராளம்.

பாயிடம் சொன்னதும் தராசைக் கீழே வைத்துவிட்டார். "ஞாயித்துக்கெழமையா? என் போன்ல ஒண்ணையும் காணமே மாமா."

"பட்டை இந்த ஊருல இருக்குறவங்களுக்கு மட்டும்தான் காட்டும் போல மாப்ளே. இந்தா, பாரு."

திறந்து காட்டினேன். பட்டை இல்லை! அழுத்திப் பார்த்தேன், அணைத்துப் போட்டேன். இல்லை. ஒருநாள்தான் இருக்கும் போல. வேலுவும் அமுதாவும் நேற்று ஆட்டத்தையே திறக்கவில்லையாம்.

வேலு தொட்டி ஏணியில் நின்றபடியே சிரித்தான். "போன மாசம் கரண்டு நிக்கிதுன்னு போர்டைப் படிச்சுச் சொன்னீங்க. ஊரே அண்டா குண்டான் எல்லாத்துலயும் தண்ணி புடிச்சு வச்சுச்சு. கரண்டு அன்னைக்கு நிக்கலை, மறுவாரம் நின்னுச்சு. மறந்துருச்சா தாத்தா?"

மறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க எதிரே வருகிறவரெல்லாம் "கரண்டு எப்ப?" என்று கேட்டார்கள். வகுப்புக்கு நாலு நாள் போகவில்லை. இதிலும் தவறினால் பிறகு நான் எதைப் படித்துச் சொன்னாலும் சிரிப்புத்தான். நோட்டீசானாலும் சரி, மருந்துச் சீட்டானாலும் சரி.

ஆனால் சரியாகத்தான் படித்தேன். படித்தேன்.

ஆடி 7, வியாழன்

போன் வழியாக எல்லோருக்கும் அழைப்பு அனுப்பினேன். அதற்கென்று ஒரு பொத்தான். யாரும் பதில் போடவில்லை.

செ. பூ கட்டிக்கொண்டே: "போன்ல கூப்பிட்டா யாரு வருவா? நம்ம வீட்டு விசேசத்துக்கு அப்படியா கூப்பிட்டோம்? நேருல போயி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடுங்க. அப்பறம் வரலைன்னா தப்பு அவங்க மேல."

இது எனக்குத் தோன்றவே இல்லை! நாளை வெள்ளி. நல்ல நாள்.

வாங்க வேண்டியவை: வெற்றிலை, கொட்டைப்பாக்கு, வாழைப்பழம், போனுக்கு சார்ஜர் ஒயர்.

ஆடி 8, வெள்ளி

வெள்ளை வேட்டி. சட்டை இஸ்திரி போட்டது. எவர்சில்வர் தாம்பாளம்.

வேலு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். தாம்பாளத்தைப் பார்த்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் வாங்கினான். கிண்டல் எல்லாம் போய்விட்டது. "வந்துர்றேன் தாத்தா." வெற்றிலை அப்படிப்பட்டது.

அமுதா சிரித்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு துப்பட்டாவைச் சரிசெய்து வாங்கிக்கொண்டது. அறந்தாங்கியில் இருக்கும் தங்கையும் விளையாடுமாம், அஞ்சாவது ஆளாக அது பஸ்ஸில் வந்துவிடும் என்றது. நான் கிளம்பும்போது மெல்ல, "படிச்சது சரிதானே தாத்தா?"

"சரி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

ஜப்பார் பாயை ஆலமரத்தடியில் மடக்கினேன். கையைக் கழுவி, கைலியில் துடைத்து, வெற்றிலையை எடுத்துக்கொண்ட பிறகுதான் கேட்டார்.

"என்ன விசேசம் மாமா? பேத்திக்குக் காது குத்தா?"

"பன்னி."

"மாமா!" மீன் வாங்க நின்ற பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "வெத்தலை வாங்கிப்புட்டேன், வராம இருக்க முடியாது. ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. அடிக்கிறதுக்கு வாரேன். எங்கிட்ட திமிங்கலம் இருக்கு, அது பீச்சுனா எந்த நெருப்பும் அவிஞ்சிரும். ஆனா வலை வீச மாட்டேன். தப்பித்தவறி என் வலையில அது வந்து விழுந்துச்சுன்னா வீட்டுல எனக்குச் சோறு கெடையாது. அடிச்சுத் தாரேன், நீங்க புடிச்சுக்கங்க."

இதைவிட ஒரு மனுசன் என்ன செய்ய முடியும்?

ஆடி 9, சனி

சிக்கல்.

கடைத்தெருவில் ஒருவர்: "என்ன பெரியப்பா, நமக்கெல்லாம் வெத்தலை கெடையாதா?" டீக்கடையில் இன்னொருவர்: "ஊருக்கெல்லாம் வச்சீங்களாம்ல?" நேற்று நான் தாம்பாளத்தோடு போனதைப் பார்த்திருக்கிறார்கள். கேட்ட ஆளிடம் வராதே என்றா சொல்வது? "ஞாயித்துக்கெழமை அஞ்சு மணி, தொட்டியடி. கட்டாயம் வாங்க" என்றேன். ஒவ்வொருவரிடமும்.

செ.: "எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க?"

"அஞ்சு பேரு."

"அஞ்சு பேருக்கா இம்புட்டுப் பேச்சு? ரேசன் கடை வரிசையில பூராம் இதான் ஓடுது. மொய் விருந்துன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

தலையில் கை வைத்தேன். ஆடி மாதம். தாம்பாளம். எங்கள் பக்கத்தில் வேறு எப்படி நினைப்பார்கள்? மொய் விருந்து என்றால் கறிச் சோறு. வருகிறவன் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிப் போவான். இங்கே சோறும் இல்லை, ஒன்றும் இல்லை. பன்றி மட்டும். அதுவும் வந்தால்.

ஞாயிறு என்றுதானே இருந்தது? ஞா. அந்த எழுத்து மாதிரி வேறு எழுத்து கிடையாது. வகுப்பில் அதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. ஞா தான். ஞாயிறுதான்.

செ. கொண்டைக்கடலையை ஊறப்போட்டாள். பெரிய சட்டி நிறைய.

ஆடி 10, ஞாயிறு

இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

நாலரைக்குத் தொட்டியடியில் கூட்டம். வெள்ளை வேட்டி, பட்டுச் சேலை, பக்கத்து ஊர் ஆட்கள் வேறு. ஒருவர் கையில் மொய்க் கவர். "பந்தி எங்கிட்டு?" என்றார்.

தொட்டி மேடையில் ஏறிச் சொன்னேன். விருந்து இல்லைங்க, சுண்டலும் டீயும் உண்டு, அஞ்சு மணிக்குப் போனில் நெருப்புப் பன்றி வரும், அதை அடிக்கப் போகிறோம்.

"பன்னிக்கா வெத்தலை வச்சீரு?" என்றது ஒரு குரல்.

"யாரு சொன்னா, வருதுன்னு?"

"நான் படிச்சேன்."

"கரண்டு மாதிரியா?"

சிரிப்பு. ஒருவரும் கிளம்பவில்லை. சுண்டல் இன்னும் வரவில்லையே.

மணி ஐந்து. ஒன்றும் இல்லை. போனில் தொட்டி மட்டும் சாதுவாக நிற்கிறது. வேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்க்கவில்லை. அமுதா நகத்தைக் கடித்தது. பாய் என் காதோரம் வந்து, "மாமா, கெழமை ஒருவேளை…" என்று இழுத்தார். அங்கிருந்து வீட்டுக்கு எந்த வழியாகப் போனால் ஆள் இருக்காது என்று யோசித்தேன்.

அப்போது உறுமல்.

முதலில் அமுதாவின் போனில், பிறகு என்னுடையதில், வேலுவுடையதில், பாயுடையதில். போனைத் தூக்கிப் பிடித்தேன். தொட்டிக்கு மேலே, தொட்டியைவிடப் பெரிதாக, தாடி முழுக்க நெருப்போடு பெருந்தணலன்! கொம்பு மாதிரி இரண்டு பல். தும்மியது. திரையே சிவந்தது.

"வந்துருச்சுய்யா!" என்று கத்தினேன்.

ஊரே மேலே விழுந்தது. "எங்க, காட்டுங்க." "ஆத்தாடி, எம்மாம் பெருசு!" மொய்க் கவர்க்காரர் என் தோள் மேல் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

ஆனால் நாலு பேர்தான். அமுதாவின் தங்கை அறந்தாங்கியில் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டது. "இன்னும் ஒருவர் தேவை" என்று போன் சொல்லிக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் கேட்டேன். யாரிடமும் இந்த விளையாட்டு இல்லை. அங்கிட்டு இங்கிட்டு அலைந்ததில் பாதி நேரம் போய்விட்டது.

செ. சுண்டல் சட்டியை இறக்கி வைத்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். சவூதியிலிருந்து மகன் பேசுவதற்காக வாங்கிக் கொடுத்தது. "இதுல ஏத்துங்க."

"புதுசா சேந்தவங்க சண்டைக்கு வரமுடியுமா தெரியலையே அம்மா" என்றது அமுதா.

"முடியும்" என்றேன். "புதியவரும் சேரலாம்னு போட்டிருந்துச்சு."

அமுதா மறுபேச்சுப் பேசாமல் ஏற்றியது. நெட் தவழ்ந்து தவழ்ந்து வந்தது. ஐந்து பேர் ஆனோம். கதவு திறந்த மாதிரி களம் திறந்தது.

சண்டை என்றால் திரையைத் தட்டுவது. நாங்கள் எல்லாம் ஒற்றை விரலால் தட்டினோம். செ. இரண்டு கையாலும் தட்டினாள். காலமெல்லாம் மல்லிகை பறித்த விரல், கண்ணுக்கே தெரியவில்லை. பாயின் திமிங்கலம் பீச்சி அடித்தது. பெருந்தணலன் ஊதியது, என் தணலன் சுருண்டு விழுந்தது. பாவம், தும்மக்கூட இல்லை. "அடி ஆத்தா, விடாத!" என்று பட்டுச் சேலைக்காரிகள் செ.யைச் சுற்றி நின்று கத்தினார்கள். "பாயி, அந்தத் தண்ணிய இன்னொருக்காப் பீச்சு!"

சாய்ந்தது! தொட்டியே சாய்ந்த மாதிரி.

இனி வலை. பாய் சொன்ன சொல் தவறாமல் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டி நின்றார். ஆனால் வாய் சும்மா இல்லை. "மாமா, வலையை அப்படி எறியக்கூடாது, விரிச்சு விடணும். அய்யய்யோ, கரையிலயே விட்டுட்டீங்களே." என் வலையெல்லாம் தீர்ந்தது. அத்தனையையும் பொசுக்கிவிட்டுக் கிடந்தது பெருந்தணலன். வேலுவுக்கும் அமுதாவுக்கும் அதே கதை.

செ. ஒரே ஒரு வலை வீசினாள். விழுந்தது. சுருங்கியது. நட்சத்திரம் பறந்தது.

ஊர் போட்ட சத்தத்தில் தொட்டி மேல் இருந்த மயில் பறந்துவிட்டது. எனக்கு ஒரு நொடி நெஞ்சில் என்னவோ. எனக்கு வரவேண்டியது இல்லையா? அப்புறம் பார்த்தால் நானும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

சுண்டல் போதவில்லை. மொய்க் கவர்க்காரர் கவரை நீட்டினார். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன். "சும்மா ஒண்ணும் வரலைய்யா நான், நல்லாப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலு ஏணியடியில் நின்று, "சரியாத்தான் படிச்சிருக்கீங்க தாத்தா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆடி 11, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பூ சுமார்.

செ.யின் போனை இரவல் வாங்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். பெருந்தணலனைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாயும் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார்.

"அது என்னமோ எழுதிருக்கே, என்னன்னு படிங்க மாமா" என்றார்.

படித்தேன். "குட்டியாக இருந்தபோது வெட்கப்பட்டது. வளர்ந்தபின் தன் நெருப்பில் பிறர் குளிர்காய நிற்கும். யார் தூங்கினாலும் இது…"

அடுத்த சொல் நீளம். இதுவரை பார்க்காத சொல். ஒவ்வோர் எழுத்தாகப் போனேன். பாதியில் நின்றேன், திரும்ப முதலிலிருந்து. டீ ஆற்றுகிறவர் ஆற்றாமல் நின்றார். மீன் பெட்டியில் பூனை ஏறியது, பாய் திரும்பவில்லை. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"விழித்துக்கொண்டிருக்கும்" என்றேன்.

"ஆங்" என்றார்கள் எல்லோரும்.

வீட்டிலிருந்து செ. ஆள் அனுப்பியிருக்கிறாள். போன் உடனே வேண்டுமாம். அதற்குப் பழம் கொடுக்கிற நேரமாம்.