உறங்குமிடத்தின் மேல் நீர்க்குடம்

முத்தெயில் நாட்டை ஆள்பவளும், ஆற்றுமுகம் காத்தோர் குலத்தில் வந்தவளுமாகிய பெருங்கோ நல்லினி, வெண்மணல்துறை காக்கும் தலைவர் கீரன் வழுதியார்க்கு விடுக்கும் ஓலை. உம் துறையில் கலங்கள் கரைசேர்க. உம் மக்கள் அச்சமின்றி உறங்குக.

உம் ஓலை கண்டோம். பண்டகசாலையாயினும் வீடாயினும் கூரையின்கீழ் நீர்க்குடம் கட்டுக, குடத்தின் அடித்துளைகளைத் தேன்மெழுகால் அடைத்து வைக்க என்பது நம் ஆணை. தீ மூண்டால் மெழுகு உருகும். அணைக்க ஆள் இல்லாவிடினும் நீர் பொழியும்.

சாலியர் தெருத் தீயில் வணிகர் சாத்தனாரின் பண்டகசாலைக் குடங்கள் திறந்து, துணிப்பொதிகள் நனைந்து தப்பின என எழுதினீர். அடுத்த வீட்டில் நெசவாளி பொன்னனின் மனைவி வேண்மாளும் பெண்மக்கள் இருவரும் மாண்டனர் எனவும் எழுதினீர். அவ்வீட்டில் குடம் இல்லை.

இவ்விரண்டையும் எழுதிய ஓலையிலேயே, வீடுகளுக்கு விலக்கு வேண்டினீர். துளையிட்ட குடம் சுடுகாட்டுக்கு உரியது, அதைப் பிள்ளைகள் உறங்குமிடத்தில் கட்டுவது சாவை அழைப்பதாகும் என மக்கள் அஞ்சுவதாக உரைத்தீர். ‘நெருப்பு என் தங்கையைத் தின்றது போதாதா? என் பிள்ளைகளுக்கும் இப்போதே கொள்ளிக்குடம் கட்டச் சொல்கிறாளா உங்கள் அரசி?’ என வேண்மாளின் தமக்கை கொற்றி சந்தையில் கூவியதாகவும், அவளைத் தண்டிக்கலாமா எனவும் வினவினீர்.

தண்டிக்க வேண்டா.

அவ்வச்சத்தை நாம் இகழோம். நம் தந்தையின் ஈமத்தில் அக்குடத்தைச் சுமந்தவர் நாமே. முதுகில் வழிந்த நீரின் குளிர் இன்னும் நீங்கவில்லை. ஆயினும், துணிப்பொதிக்குக் கிடைத்த காவல் பிள்ளைகளுக்குக் கிடையாத நாட்டை ஆள நாம் இசையோம். விலக்கு இல்லை. குடமும் மெழுகும் அரண்மனை தரும்.

நம் மகன் பிறந்து மூன்று திங்கள் ஆகிறது. இன்று காலை அவன் தொட்டிலுக்கு மேல், துளையிட்டு மெழுகு அடைத்த குடமொன்றை நம் கையாலேயே கட்டினோம். செவிலியர் முகம் மூடி விலகினர்.

கொற்றியை, இவ்வோலையோடு வரும் நம் சிவிகையில் அனுப்பி வைப்பீராக. அவள் குற்றவாளியாக அன்றி, விருந்தாக வருக. தொட்டிலருகே அவள் விரும்புமளவும் அமர்ந்திருக்கட்டும். பிள்ளையைத் தூக்கிப் பார்க்கட்டும். பின் ஊர் திரும்பி, கண்டதைத் தன் வாயாலேயே சந்தையில் சொல்லட்டும். அதுவரை எவ்வீட்டாரையும் உம் காவலர் வற்புறுத்தலாகாது.

நாரை முத்திரை இட்டோம். ஓலை வந்த பொழுதே சிவிகை புறப்படுக.