அட்டையில் அப்பா பெயர்

வெள்ளி, இரவு.

அம்மா எங்கள் சுங்குவார்சத்திரம் வீட்டு மாடியில் சொந்தமாகக் கவுன்சலிங் சென்டர் திறக்கிறாள். தன் பெயரில் மட்டும் பதிவதா, அப்பாவையும் பங்குதாரராகச் சேர்ப்பதா என்று ஒரு வாரமாகப் பேச்சு. அப்பாவுக்குச் சேர ஆசை. நான் சும்மா இருக்காமல் இருவர் பெயரையும் அட்டையில் எழுதி, 'மனசு சர்வீஸ் செய்யப்படும், ஓவர்டைம் உண்டு' என்று மாடிப்படியில் மாட்டினேன்.

சாயங்காலம் அப்பாவின் கம்பெனிச் சீருடையில் ஓர் அண்ணன் வந்தார். அட்டையைப் படித்ததும் நின்றுவிட்டார்.

"இவரு எங்க லைன் சூப்பர்வைசராச்சே தம்பி. அவராண்ட லீவு கேக்கவே பயமா கீது, இங்க வந்து எப்டி அழுவுறது?" என்று சொல்லித் திரும்பிப் போனார்.

உள்ளே இருந்த அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. வந்து அட்டையைக் கழற்றினார். "உன் பேருலயே பண்ணிக்க" என்றார் அம்மாவிடம். பிறகு என்னிடம், "வந்தது யார்ரா?"

"தெரியாதுப்பா."

அந்த அண்ணன் சட்டையில் பெயர் இருந்தது. இந்த டைரியிலும் எழுத மாட்டேன்.