அன்வர் பாஷா வீட்டு மொட்டைமாடி

786

பம்பாய் துறைமுகம்
2-12-1969

அன்பு பரிதாவுக்கு,

ஆண்டவன் உன்னையும் அம்மாவையும் சுகமாக வைத்திருக்க வேண்டும். இங்கு நான் சுகம். நாளைக் காலை கப்பல் மொம்பாசாவுக்குப் புறப்படுகிறது.

இந்த முறை என்னைச் சுக்கான் பிடிக்க விட்டிருக்கிறார்கள். மணிக்கணக்காக எதிரே அடிவானம்தான். பொம்மிடியில் அடிவானம் எங்கே இருந்தால் யாருக்கு என்ன? இங்கே அந்தக் கோடு கலங்கலாகத் தெரிந்தால் இரண்டாம் ஆபீசர் முகம் சுண்டிப்போகும். கோட்டிலிருந்து நட்சத்திரம் எவ்வளவு உயரம் என்று அளந்துதான் நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடிக்கிறார்.

பெருநாள் பிறை தேடும் அன்று நான் நடுக்கடலில் இருப்பேன். நீயும் பார். இருவரும் ஒரே பிறையைப் பார்த்தோம் என்று எனக்கு ஓர் ஆறுதல்.

மொம்பாசாப் பெண்கள் அழகா என்று கேட்டிருந்தாய். எரிச்சலோடு கேட்டிருக்கிறாய் என்று கையெழுத்தே சொல்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது.

உன்
அப்துல் ரஷீத்


பொம்மிடி
14-12-1969

என் அன்பு மச்சானுக்கு,

பரிதா ஸலாம் சொல்லி எழுதுவது. மாமிக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. பெருநாள் நல்லபடி முடிந்தது. நீங்கள் இல்லாததால் பிரியாணியில் உப்பு கூடிவிட்டது என்று மாமி சொல்கிறார்கள். பழி உங்கள் மேல்தான்.

பிறை பார்த்துவிட்டேன்! மலைக்கு ஒரு சாண் மேலே, மெல்லிசாக. துஆ கேட்டுவிட்டுத் திரும்பினால், எவ்வளவு தூரம் தெரிகிறது மச்சான்! தண்டவாளம் சேலம் பக்கமாக வளைந்து போவது, அதற்கப்பால் புளியமரங்கள், அதற்கும் அப்பால் புகை மாதிரி ஏதோ. அடிவானம் இத்தனை தள்ளியா இருக்கிறது? பிறையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மொம்பாசாவைப் பற்றி நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

தங்கள்
பரிதா


மொம்பாசா
9-1-1970

பரிதாவுக்கு,

உன் கடிதம் போன வாரமே இங்கே கிடைத்தது. நம் முற்றத்திலிருந்து பெருநாள் பிறை தெரியாது. இந்த மாதங்களில் சூரியன் தெற்கே தள்ளி சேர்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கும். பிறையும் அதன் பின்னாலேயே போய்விடும். மலை தெரிவதற்கே நம் மேற்குச் சுவர் விடாது. தண்டவாளம் தெரிய வேண்டும் என்றால் உயரத்தில் நின்றிருக்க வேண்டும். நம் தெருவில் மாடி ஒன்றே ஒன்றுதான்.

அன்வர் பாஷா வீட்டு மாடி. எனக்கு முன்னால் உன்னைப் பெண் கேட்டு வந்தவன் அவன். எந்த இடத்தில் நின்று பார்த்தாய் என்று நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அவன் கை கொடுத்து ஏற்றிவிட்டானா? விரல் நீட்டிப் பிறையைக் காட்டினானா? சுக்கானைப் பிடித்தால் இதுதான் ஓடுகிறது. முந்தாநாள் பக்கத்துத் துறைமுகம் போய்த் திரும்பும்போது திசை விலகி, எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் வரும்வரை நீ அரூரில் உன் தாய் வீட்டில் இரு. அம்மாவுக்கும் தனியாக எழுதிவிட்டேன்.

அப்துல் ரஷீத்


அரூர்
20-2-1970

மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் மாமிக்கு எழுதியதை நான்தான் படித்துக் காட்டினேன். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது என்பது கோபத்தில் உங்களுக்கு மறந்துவிட்டது. ஒரு வரி விடாமல் படித்தேன். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன்.

மாமி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏம்மா, நாந்தானே உன்ன மாடிக்கு இழுத்துகிட்டுப் போனேன்? தெருப் பொம்பளைங்க பூரா அங்கதானே நின்னோம்? அந்தப் பாஷா வூட்லயே இல்லீயே, மண்டிச் சரக்கு ஏத்திகிட்டு சேலம் போயிட்டானே! அவன் பொண்டாட்டி ரஹமத் பீவிதானே வாங்க வாங்கன்னு கூப்பிட்டா. இவனுக்கு என்னா வந்துச்சு?"

போகாதே என்று அழுதார்கள். போ என்று நீங்கள் எழுதிய வீட்டில் நான் எப்படி இருப்பது?

எங்கே நின்றேன் என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். பொறாமை எனக்கும் வந்தது மச்சான், உங்கள் மேல். கல்யாணமாகி நான்கு வருஷமாக எனக்கு அடிவானம் என்றால் முற்றத்துச் சுவரின் மேல் விளிம்புதான். உங்களுக்கோ நான்கு பக்கமும் கொட்டிக் கிடக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் கிடைத்தது. அதுகூட உங்களுக்குப் பொறுக்கவில்லை.

பரிதா


பம்பாய்
3-4-1970

அன்பு பரிதா,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து இது கடைசியாக நின்றது. நான் அவசரப்பட்டுவிட்டேன். உன் மேல் கோபமில்லை, எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். பொம்மிடிக்குப் போய்விடு. அம்மா தனியாக இருக்கிறார்கள்.

ஆனால் பொய் சொல்ல விரும்பவில்லை. பாஷா ஊரிலேயே இல்லை என்று தெரிந்த பிறகும் எனக்கு எரிகிறது. அவன் இருந்திருந்தால் வந்து சட்டையைப் பிடித்திருப்பேன். நான் இல்லாத இடத்தில் நீ அவ்வளவு சந்தோஷமாக நின்றிருக்கிறாய். அதை நான் யார் சட்டையைப் பிடித்துக் கேட்பது?

அதனால் ஒன்றே ஒன்று. இனி மாடி ஏறமாட்டேன் என்று அம்மா கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குள் போ. ஆனி மாதம் ஊருக்கு வருகிறேன். அதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

உன்
ரஷீத்


அரூர்
2-5-1970

மச்சானுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் மாமியும் சேர்த்துத்தான். நேற்று ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்கள். சத்தியத்தைப் பற்றி அவர்களுக்கும் நீங்கள் தனியாக எழுதிய கடிதத்தைப் பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டார்களாம். "எங்கையில அடிச்சு சத்தியமா? என்னக் கேக்காம எங்கைய எப்படி இவன் எழுதலாம்?" என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என் அம்மாவுக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது.

மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எதை என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. சத்தியம் நான் செய்யமாட்டேன்.

பொம்மிடி வீடு பூட்டியிருக்கிறது. சாவியை மாமி ரஹமத் பீவியிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். நீங்கள் வந்ததும் அந்த வீட்டுக் கதவைத் தட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கி, திறந்து, முற்றத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருங்கள். வெளியே எங்கும் போகாமல்.

அதற்குப் பிறகு அரூருக்கு வரத் தோன்றினால் வாருங்கள். சோறு இருக்கும்.

பரிதா