முகம் இருந்த இடத்தில் சுவர்

மச்சான்,

இன்று அந்தியில், கள்ளக்குறிச்சியில் என் வீட்டு முன்னறைச் சுவரில் பச்சைப் புள்ளிகள் ஏறத் தொடங்கின. எதிர்வீட்டார் கார்த்திகைக்கு லேசர் விளக்கு வைத்திருக்கிறார்கள். புள்ளிகள் நாட்காட்டியைக் கடந்து, உன் படத்தின் கண்ணாடிமீது சற்று நின்று, மேலே சென்றன. சுவரில் சிதறி விழும் அந்த ஒளியால் கேடில்லை என்பதை அறிவேன். கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைப் பற்றி அப்படி உறுதி கூற இயலாது. எழுந்து சன்னலைச் சாத்தினேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வடக்கனந்தலைத் தாண்டிய உன் வீட்டில் அது நடந்ததும் ஒரு கார்த்திகை மாலையில்தான். மலையிலிருந்து இறங்கிய பனி வாசலில் சாம்பிராணிப் புகையோடு கலந்து நின்றது. புதிதாக வாங்கிய லேசர் விளக்குப் பெட்டியை நீ தரையில், அகல் வரிசையின் நடுவிலேயே வைத்திருந்தாய். புகைக்குள் பச்சை இழைகள் அசையாமல் நின்றன. யாரோ தறிக்குப் பாவு நூல் ஓட்டிவிட்டு எழுந்து போனதுபோல.

“தலைக்கு மேல ஏத்தி, செவுத்தப் பாத்து வை மச்சான். குனியறவங்க கண்ணுக்கு நேரா இருக்குது,” என்றேன்.

“தீபத்தன்னைக்கு வெளக்கு வெளக்கோடதான் மாமா இருக்கணும். கம்மி பவருதான். ஒட்டியிருக்கறதப் படிங்க.”

“அது குற்றவாளி தனக்குத் தானே எழுதிக்கிட்ட நடத்தைச் சான்று.”

“அகல்வெளக்குக்குக்கூட முன்ஜாமீன் வாங்குவீங்க போல!” உன் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினாய்.

பெட்டியின் முகப்பில் எண்ணெய் படிந்திருந்தது. வேட்டி நுனியால் துடைத்தாய். கண்ணாடி கழன்று கையோடு வந்தது. சுவர் முழுதும் இறைந்திருந்த புள்ளிகள் மறைந்து, ஒரே கோடாக ஒளி நின்றது. ஒளியைப் பலவாகப் பிரித்து விட்டது அந்தக் கண்ணாடிதான் என்பதைப் பின்னரே அறிந்தோம். என்ன ஆயிற்று என்று பார்க்க நீ குனிந்தாய்; அந்தக் கோடு உன் கண்ணில் பட்டு விலகியது. நீ கத்தவில்லை. உனக்கு வலிக்கவுமில்லை. நிமிர்ந்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தாய்.

“இன்னா மாமா, உங்க மூஞ்சி எங்க? காது இருக்குது, வழுக்கை இருக்குது. மூஞ்சி எடத்துல பின்னாடி செவுருதான் தெரியுது.”

“அது ஒண்ணும் நஷ்டமில்லடா,” என்றாள் உன் அக்கா. எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை.

அப்போதுதான் உன் மகள் வரிசையின் முன் வந்து, சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள். சுவிட்சைத் தேட உனக்கு நேரமில்லை. உள்ளங்கையால் பெட்டியின் வாயைப் பொத்தினாய். உன் விரல்களின் ஓரம் பச்சையாக ஒளிர்ந்தது. உயிருள்ள கை அப்படி ஒளிர்ந்து நான் கண்டதில்லை. அவள் கண்களில் ஒற்றிக்கொண்டு எழுந்து போனாள். நான் ஒயரைப் பிடுங்கினேன்.

புதுச்சேரியில் கண் மருத்துவர் சொன்னார்: “இமை மூடறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். நடுப்பார்வை தர்ற எடம் வெந்துபோச்சு. திரும்பும்னு நான் சொல்ல முடியாது. அந்த மாதிரி பெட்டில ஒட்டியிருக்கறத நம்பாதீங்க.”

வலது கண்ணின் பார்வையில் அந்த ஓட்டை நிலைத்துவிட்டது. வந்தவர் எவராயினும் இடது கண்ணை மூடி, “இப்ப நீங்க இல்ல,” என்று சொல்லிச் சிரிப்பது உனக்கு வழக்கமாயிற்று. சின்னசேலம் ரயிலடியில் ஒருநாள் என்னையும் அப்படிப் பார்த்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாய்: “மூஞ்சி போற எடத்துல ஒரு செவுரு வருது இல்ல மாமா? இங்க ஏது செவுரு? அது எந்த வூட்டுதுன்னுதான் தெரியல.” என் பின்னால் வெறும் தண்டவாளமும் வயலும்தான் இருந்தன. திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இல்லாத தொடர்பை நான் எழுத மாட்டேன்.

காரியம் முடிந்த மறுநாள் உன் மகள் கேட்டாள்: “எல்லாரையும் ஒரு கண்ண மூடி இல்லாம ஆக்கிடுவாரே அப்பா. என்னையும் அப்படிப் பாத்தாரா மாமா? நெஜமா சொல்லுங்க.”

நான் காணாததைச் சொல்லிப் பழக்கமில்லாதவன். கண்டதை மட்டும் சொன்னேன்: “உன்னப் பாக்கும்போது அவன் எடது கண்ண மூடி நான் ஒருதடவகூடப் பாத்ததில்லம்மா.”

இதற்கு வேறு சாட்சி இல்லை, மச்சான். நான் இருக்கும்வரை அவள் எத்தனை முறை கேட்டாலும் இதையே சொல்வேன்.