இரண்டு தொட்டில்

நைனாவுக்கு வணக்கம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? கும்மிடிப்பூண்டியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உலைப் பக்கம் வேலை, குளிர் மட்டும் தெரிவதில்லை.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். கிரகணத்தன்று என் மனைவி ஈஸ்வரி கத்தரிக்காய் நறுக்கியதால்தான் இரட்டையரில் சின்னவனுக்கு உதடு பிளந்திருக்கிறது என்கிறீர்கள். அறைத் தோழன் ஸ்டீபனிடம் சொன்னேன், சிரித்துவிட்டான்.

"இன்னாடா இது, ரெண்டும் ஒரே வயித்துல தானே இருந்துச்சுங்க? கிரகணம் ஒருத்தன மட்டும் தேடிக்கினு போச்சா?"

லீவு போட்டு ஆஸ்பத்திரியில் கேட்டேன். ஒரே கரு பிரிந்து உருவான இரட்டையரிலும் ஒருவருக்கு மட்டும் இப்படி வருமாம். பரம்பரை, உள்ளே ரத்தம் போய்ச்சேரும் விதம் என்று பல காரணம் இருக்கலாம், இன்னதுதான் என்று சொல்ல முடியாது, அரிவாள்மனை நிச்சயமாக இல்லை என்றார் டாக்டரம்மா. சில மாதத்தில் தைத்துச் சரிசெய்துவிடலாம். நானே கூட்டிப்போகிறேன்.

பெற்றவளைக் குற்றவாளியாக்க நமக்கு ஒரு கிரகணம் போதுமா நைனா? வெள்ளிக்கிழமை பெரியவனுக்கு மட்டும் தொட்டில் கட்டிப் பேர் வைக்கப் போகிறீர்களாம். அது நடக்காது.

நீங்கள் அனுப்பும் படங்களில் பெரியவன் மட்டுமே இருக்கிறான். பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒருமுறை பார்த்தது, சின்னவன் முகம் மறந்துகொண்டே வருகிறது. துணி மூடாமல் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஈஸ்வரியிடம் நேரத்துக்குத் தூங்கச் சொல்லுங்கள்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. வியாழன் மாலை பள்ளிப்பட்டு பஸ்ஸில் வருகிறேன். இரண்டு தொட்டிலுக்கும் கயிறு நானே வாங்கி வருகிறேன்.

உங்கள் மகன்,
தேவராஜ்