பேர் இல்லாத பெட்டிஷன்

ஆற்றங்கரை விளை,
1935 மார்ச் 9, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான லீலாபாயின் அப்பாவுக்கு, நேசம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இவ்விடம் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். லீலாவுக்கு இருமல் விட்டது, கறுத்த ஆடு இரண்டு குட்டி போட்டது, அந்த மட்டுக்கும் சுகம். மற்றபடி எனக்கு வயிறு எரிகிறது. இவளுக்கு எப்போதும் ஒரு வழக்கு என்று நீங்கள் அந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு நினைத்தாலும் சரி, இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைக்காதீர்கள்.

சனவரியில் எழுதினேனே, யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார் என்று. தேங்காய் மட்டை ஊறப்போட்டிருக்கிற நம் கதம்பல் குழியால் ஊர்க் கிணறு கெட்டுப்போகிறதாம். அந்த மனிதர் சங்கிலி பிடித்து அளந்து பார்த்தார். கிணறு தூரத்தில்தான் இருக்கிறது, தண்ணீரும் நல்ல தண்ணீர்தான் என்று சொல்லி, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. போன மாதம் இருபத்தேழாம் தேதி திரும்பவும் வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினார். இந்தத் தடவை பெட்டிஷன் கொசுவைப் பற்றி. இலங்கையில் காய்ச்சலில் ஜனங்கள் சாகிறார்கள், அதே காய்ச்சல் இந்தக் குழியிலிருந்து நம் ஊருக்கும் வரப்போகிறது என்று எழுதியிருக்கிறது. எழுதின ஆளுக்கு இலங்கைச் சமாசாரம் எல்லாம் தெரிந்திருக்கிறது, தன் பேர் மட்டும் தெரியவில்லை. கீழே 'ஊர் நலம் விரும்பி' என்று போட்டிருக்கிறான். நோட்டீஸ் உங்கள் பேரில். மார்ச் இருபத்தொன்பதுக்குள் குழியை ஒழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே ஆள் வைத்து வாரிப் போட்டு அபராதமும் போடுவார்கள்.

ஆறாயிரம் கதம்பல் கிடக்கிறது. போன ஆவணியில் தேங்காய் உரித்து உரித்து என் உள்ளங்கை வெடித்து, நான் போட்டது. ஆனி வரை ஊறினால்தான் கல்லில் வைத்து அடித்துத் தல்லும்போது நார் பிரியும். இப்போது எடுத்தால் காயவைத்து அடுப்பில் தள்ளலாம், வேறு ஒன்றுக்கும் ஆகாது. தோட்டத்தில் காய்ச்சல் வந்து ஆட்கள் விழுந்த நாளிலிருந்து உங்களால் பணம் அனுப்ப முடியவில்லை, அதற்கு நான் குறை சொல்லவில்லை. ஆனால் மழைக்காலம் முழுக்க நானும் பிள்ளையும் கஞ்சி குடிப்பது அந்த நாரை நம்பித்தான்.

நாறுகிறது என்றால் நாறத்தான் செய்யும். கதம்பல் அழுகினால் பிச்சிப்பூ மணமா வரும்?

இனி கேளுங்கள். இன்ஸ்பெக்டர் வந்ததற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, உபதேசியார் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். நம் பெண்கள் ஜெபத்தில் சொல்லாத விஷயம் உண்டா? மாட்டுக்குக் கழிச்சல், மருமகளுக்குப் பிடிவாதம், எல்லாவற்றையும் ஆண்டவர் காதில் போட்டுவிடுவார்கள். அன்றைக்கு ஜெபம் செய்தது அடுத்த வீட்டிலிருக்கிற உங்கள் அண்ணன் பெண்டாட்டி, உங்கள் மைனி செல்லபாய். கண்ணை மூடி உருகி உருகி, நாளைக்குக் கொசுவையும் காய்ச்சலையும் விசாரிக்க வருகிற அதிகாரிக்கு நல்ல புத்தியைத் தாரும் என்று சொன்னாள். எல்லாரும் ஆமென் சொன்னோம். நானும் சொன்னேன். எந்த அதிகாரி என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. மறுநாள் காலையில் சைக்கிள் மணி கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிறது என்பது இதுதான்.

அன்று சாயங்காலமே வேலிக்குப் போய், அக்கா, இது உங்களுக்கு நியாயமா என்று கேட்டேன். முகம் வெளுத்துவிட்டது. தனக்கு எழுத்தே தெரியாதே, தான் எப்படிப் பெட்டிஷன் எழுதுவது என்றாள். சரிதான், அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது உங்கள் அண்ணன் ராஜையனுக்கு மட்டும்தான். அவர் உள்ளே கட்டிலில் இருந்து இருமினார், வெளியே வரவில்லை.

காரணமும் தெரிந்தது. ஈஸ்டர் கழிந்து அவர்கள் மகள் ஜெபகுமாரியைப் பெண் பார்க்க மார்த்தாண்டத்திலிருந்து வருகிறார்கள். புது ஓட்டு வீட்டில் அவர்கள் வந்து இருக்கும்போது குழி நாற்றத்தோடு ஆற்றுக் காற்று அடித்துவிடக் கூடாது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை என்னோடு ஒரே கல்லில் இருந்து கதம்பல் தல்லினவள் உங்கள் மைனி. அந்த ஓட்டு வீட்டின் பாதி ஓடு அந்த நாற்றத்தில் வந்தது. நேசம்மா, பிள்ளை காரியம், அன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓலையும் மண்ணும் போட்டுக் குழியை நானே மூடியிருப்பேன், பலகாரம் சுடவும் போயிருப்பேன். ஜெபகுமாரியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் இல்லையா?

இந்தச் செவ்வாய்க்கிழமை ஜெபம் என் முறை. விடுவேனா? பேர் போடாமல் எழுதுகிறவர்களுடைய பேரையும் அறிந்திருக்கிற ஆண்டவரே, அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் அமையப்பண்ணும், அடுத்த வீட்டுக் கஞ்சியில் மண் போடாத இருதயத்தை அவர்களுக்குத் தாரும் என்று சத்தமாகச் சொன்னேன். ஆமென் சொல்லாமல் இருக்க முடியுமா? உங்கள் மைனியும் சொன்னாள், தொண்டையில் மீன்முள் மாட்டினது மாதிரி.

இவ்வளவும் அவர்கள் மேல் கோபம். இனி எழுதப்போவது வேறு.

நேற்று உங்கள் பெப்ரவரிக் கடிதத்தை வேதபுஸ்தகத்துக்குள்ளிருந்து எடுத்து மறுபடி வாசித்தேன். பெட்டிஷன் காரியத்தில் அண்ணனோடு மல்லுக்கு நிற்காதே, பொறுத்துப் போ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல புத்திமதி என்றுதான் அன்றைக்கு மடித்து வைத்தேன். ஆனால் சனவரிக் கடிதத்தில் நான் அண்ணன் பேரை எழுதவே இல்லையே. யார் போட்டது என்று அன்றைக்கு எனக்கே தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அண்ணன் உங்களுக்கு என்ன எழுதினார், நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டு, நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நம் தென்னை விளையின் தீர்வை ரசீது உங்கள் பேரில் இருப்பதால் என் கைச்சாத்து செல்லாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். உடையவர் ஒரு காகிதம் எழுதினால் போதுமாம். குழி என் விளையில் இருக்கிறது, என் மனைவி என் சம்மதத்தோடு போட்டது, ஆனியில் எடுத்துவிடுவோம், அதுவரை தவணை வேண்டும். நாலு வரிதான். அது இருபத்தொன்பதுக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால் அவர்கள் ஆள் வர வேண்டாம், நானே குழியில் இறங்கி ஆறாயிரத்தையும் வாரி உங்கள் அண்ணன் முற்றத்தில் கொட்டுவேன். மார்த்தாண்டத்துக்காரர்கள் மிதித்துக்கொண்டு உள்ளே போகட்டும்.

என்னை அதுவரைக்கும் கொண்டுபோய் விடாதீர்கள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

கொசுவலை கட்டிப் படுங்கள். கொய்னா மருந்து கசந்தாலும் துப்பாமல் விழுங்குங்கள். கர்த்தர் காய்ச்சலுக்கு விலக்கி உங்களைக் காத்து, எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்த நாலு வரியின் கீழே உங்கள் முழுப் பேரையும் எழுதுங்கள், ஞானதாசன் என்று, உங்கள் அண்ணனும் வாசிக்கிற மாதிரி.

இப்படிக்கு,
பேர் போட்டு எழுதுகிற உங்கள் மனைவி,
நேசம்மாள்.